ஜோடி கட்டிய ஓட்டு

ஹார்ஸ்டாட், வடக்கு டகோட்டா
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பி லோவெலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமாக இருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாய்.

போன மாதம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதிலும் வந்தது. “மதிப்பிற்குரிய திருமதி நைகார்ட் அவர்களுக்கு, உள்நாட்டு அரசியல் மற்றும் வெளியுறவுக் கொள்கை குறித்த தங்கள் மேலான கருத்துகளுக்கு நன்றி” என்று. கீழே இயந்திரம் போட்ட உன் கையெழுத்து. என்னுடைய மேலான கருத்து என்ன என்று நினைவிருக்கிறதா? என் மகன் எப்போது வீட்டுக்கு வருவான் என்று கேட்டிருந்தேன். அது வெளியுறவுக் கொள்கையா? கூடப் பிறந்தவளுக்கு அச்சடித்த பதில் அனுப்ப உனக்குக் கூச்சமாக இல்லையா?

நெல்ஸ் போய் ஆறு மாதமாகிறது. பாலம் கட்டத்தான் நேஷனல் கார்டு படையில் சேர்ந்தான். வெள்ளம் வந்தால் மணல் மூட்டை அடுக்கவும், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு பயிற்சிக்குப் போகவும்தான். இப்போது எந்தப் பாலைவனத்தில் இருக்கிறான் என்று சொல்லக்கூட அவனுக்கு அனுமதியில்லை. யாரும் போர் அறிவிக்கவில்லை. ஆனால் தினமும் மேலே இருந்து ஏதோ வந்து விழுகிறது.

தேர்தலுக்கு முன் நம் லூதரன் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில், காப்பிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு நீ பேசியதை நூற்றிருபது பேர் கேட்டோம். “இந்த மாநிலத்துப் பிள்ளைங்க ஒருத்தரைக் கப்பல் ஏத்துறதா இருந்தாலும், வாஷிங்டன் செனட்ல இருக்குற நூறு பேரும் எழுந்து நின்னு ஓட்டுப் போட்டாகணும். நம்ம வீட்டுக் கூரை ஒழுகுறப்ப, அடுத்த ஊர் வேலியைச் சரி பண்ண நம்ம பிள்ளைங்களை அனுப்ப மாட்டேன்” என்றாய். பின்வரிசையிலிருந்து எமில், “நீ எழுந்து நிப்பியாடா?” என்று கேட்டான். “நின்னு காட்டுறேன்” என்றாய். நான்தான் முதலில் கை தட்டினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்க்கிற பிரசவ வார்டை ஜூனோடு மூடப் போகிறார்களாம். இனி வலி எடுத்தால் பனியில் தொண்ணூறு மைல் போகவேண்டும். இதற்கும் மேலான கருத்து உண்டு, அப்புறம் எழுதுகிறேன்.

கையால் பதில் எழுது.

உன் அக்கா,
ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கோணல் எழுத்து என்னுடையதுதான், சந்தேகப்படாதே. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வருகின்றன. பிரிக்கிற பெண்ணுக்கு நைகார்ட் என்றால் என் அக்கா என்று தெரியவில்லை. அவளைத் திட்டவில்லை. சொல்லி வைக்காதது என் தப்பு.

இங்கே புதிதாக வந்தவனுக்கு என்ன வேலை தெரியுமா? காலியான அவைக்குத் தலைமை தாங்குவது. பெரியவர்கள் வந்து வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் உணர்ச்சியோடு பேசிவிட்டுப் போவார்கள். நான் மேலே உட்கார்ந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருப்பேன். கோதுமை ஏற்றுமதியைப் பற்றிப் பேசப் போனால் இவர்களுக்குக் கோதுமை என்பது ரொட்டியாகத்தான் தெரியும். இரண்டு கட்சியிலும் இதே கதைதான். வெளிநாட்டோடு வியாபாரம் வேண்டும், நட்பு வேண்டும், கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அவையைக் கேட்காமல் ஒரு மனிதர் பேனாவை எடுத்துப் போர் நடத்தக் கூடாது. கீழ்த்தளத்தில் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். மாறவில்லை.

நல்ல செய்தி. போர் அறிவிக்காமல் அனுப்பிய கார்டு படைகளை அறுபது நாளில் திருப்பி அழைக்கும் தீர்மானம் ஏப்ரலில் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டோம். எங்கள் பக்கம் ஐம்பத்திரண்டு பேர். நெல்ஸிடம் சொல், மாமா ஓட்டு அவனுக்குத்தான் என்று.

ஆஸ்பத்திரி விஷயமாகப் ப்ரூவெட்டைப் பார்க்கிறேன். நிதிக் குழுவின் தலைவர் அவர்தான். எதிர்க்கட்சி, எண்பத்து மூன்று வயது, போரை ஆதரிப்பவர். ஆனாலும் பேசினால் காது கொடுத்துக் கேட்கிற மனிதர்.

உன் தம்பி,
லோவெல்

*

ஹார்ஸ்டாட்
ஏப்ரல் 24

லோவெல்,

நேற்று ஆஸ்பத்திரியில் செவிலியர் அறையில் எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். சமையலறையிலிருந்து மார்லிஸ் கேரட் கேக் செய்து கொண்டு வந்திருந்தாள். வெர்ன் டிராக்டரை வயலில் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். இருபத்தைந்து வருஷத்தில் என் வீட்டுக்காரர் விதைப்பு நாளில் வேலையை விட்டு வந்தது நெல்ஸ் பிறந்தபோது ஒருதடவை, நேற்று ஒருதடவை.

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ எழுந்து நின்றாய். “இந்த ஓட்டில் செனட்டர் ப்ரூவெட்டோடு ஜோடி சேர்ந்திருக்கிறேன். அவர் இங்கே இருந்திருந்தால் ‘இல்லை’ என்று ஓட்டளித்திருப்பார். எனக்கு ஓட்டளிக்கும் சுதந்திரம் இருந்திருந்தால் ‘ஆம்’ என்று அளித்திருப்பேன். எனவே என் ஓட்டை நிறுத்தி வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

மார்லிஸ்தான் கேட்டாள். “ஏன் ஆர்டிஸ், உன் தம்பி ஆமான்னானா, இல்லைன்னானா?”

“தெரியலடி.”

“கேக்கை வெட்டட்டுமா வேண்டாமா?”

நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. சமமாகிவிட்டதால் தீர்மானம் தோற்றது என்றார்கள். கேக்கை யாரும் தொடவில்லை. வெர்ன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார்.

நின்று காட்டுகிறேன் என்றாய். நின்றுதான் காட்டினாய். இது என்ன கூத்து என்று எனக்குப் புரியும் மொழியில் எழுது.

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
மே 1

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதெல்லாம் நியாயம். நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், இந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஓட்டைப் போடாமல் நிறுத்திக்கொள்வார். இருவர் ஓட்டும் கழிந்துவிடும். யாருடைய நோயாலும் யாரும் ஜெயிக்கக் கூடாது என்பதற்காக. எங்கும் எழுதி வைத்ததில்லை. வாய் வார்த்தைதான்.

ப்ரூவெட்டுக்கு இதய அறுவை சிகிச்சை. திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு ஜோடி சேரக் கேட்டார். அன்று எங்கள் பக்கம் ஐம்பத்திரண்டு. நான் ஓட்டுப் போடாமல் விலகினாலும் ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தேழு. எந்தக் கேடும் வராது என்று சரி சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் ஆட்கள் இருவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். புதன்கிழமை ஓட்டு. மார்பைப் பிளந்து வைத்திருக்கிற மனிதருக்குக் கொடுத்த வார்த்தையை எப்படி மீறுவது? இங்கே வார்த்தை தவறினவனோடு அப்புறம் ஒருவரும் பேச மாட்டார்கள். ஆறு வருஷமும் நாற்காலியைத் தேய்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

தவிர, இது நிறைவேறியிருந்தாலும் கீழவை தாண்டியிருக்காது. தாண்டியிருந்தாலும் அதிபர் தடுத்திருப்பார். நெல்ஸ் வருவது ஒரு நாள்கூட முந்தியிருக்காது. இதை உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன்.

வெர்னிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

லோவெல்

*

ஹார்ஸ்டாட்
மே 8

லோவெல்,

கீழவை செய்வதைக் கீழவை பார்த்துக்கொள்ளும். அதிபர் செய்வது அவர் தலையில். நாங்கள் உன்னிடம் கேட்டது உன் ஒரு ஓட்டு.

செனட் ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். ஜோடி கட்டியவர் விடுவித்தால் ஓட்டுப் போடலாமாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாம். அறுவை சிகிச்சை வியாழக்கிழமை என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. புதன்கிழமை அவர் படுக்கையில் பேசிக்கொண்டும் சூப் குடித்துக்கொண்டும்தான் இருந்திருக்கிறார். பிளந்து வைத்திருந்ததாக எழுதினாயே.

போன வெள்ளிக்கிழமை எங்கள் பிரசவ வார்டுக்கு நிதி ஒதுக்கியதாகத் தகவல் வந்தது. ப்ரூவெட்டின் குழுவிலிருந்து.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டாயா, இல்லையா?

ஆர்டிஸ்

*

வாஷிங்டன்
மே 15

அக்கா,

கூப்பிடவில்லை.

தொலைபேசியைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஜோடி கேட்டபோது அவர் ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேரம் எதுவும் நடக்கவில்லை, இதை நீ நம்பவேண்டும். ஆனால் முந்தின வாரம், “உங்க ஊர்ப் பிரசவ வார்டை மறக்க மாட்டேன் தம்பி” என்று சொல்லியிருந்தார். விடுவியுங்கள் என்று கேட்டால் விடுவித்திருப்பார். அந்தக் காலத்து மனிதர். ஆனால் அதற்குப் பிறகு வார்டு அவர் நினைவில் இருந்திருக்குமா என்று பயந்தேன். தோற்கிற தீர்மானமா, நிச்சயமாகப் பிழைக்கிற வார்டா என்று கணக்குப் போட்டேன். உன் வார்டு, அக்கா. நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு எண்பது குழந்தைகள் பிறக்கின்றன. ஊரில் இருந்து பேசும்போது உள்நாடு வேறு, வெளிநாடு வேறு என்று தெரிகிறது. இங்கே இரண்டும் ஒரே மேஜையில் வந்து உட்காருகின்றன. எதையாவது ஒன்றை எடுக்காமல் எழுந்திருக்க முடிவதில்லை.

இலையுதிர் காலத்தில் தீர்மானம் மறுபடி வரும். அப்போது யாரோடும் ஜோடி கட்ட மாட்டேன். ஆம் என்று உரக்கச் சொல்கிறேன்.

ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்துக்கு வருகிறேன். அந்த நிதியில் புதுப்பித்த வார்டின் திறப்பும் அன்றே வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எப்போதும்போல உன் வீட்டில்தான் தங்குவேன், நெல்ஸ் அறையில். வந்து நேரில் பேசுகிறேன். அடிக்க வேண்டுமென்றால் அடி.

உன் தம்பி

*

ஹார்ஸ்டாட்
ஜூன் 12

லோவெல்,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கோபம் இருந்தது, இருக்கிறது. நெல்ஸ் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். நேற்றுக் கூப்பிட்டான்.

அவன் படைப்பிரிவை இன்னும் ஒன்பது மாதம் நீட்டித்துவிட்டார்கள். உனக்கு முன்பே தெரிந்திருக்கும். மே கடைசியில் அவர்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் குண்டு ஒன்று விழுந்தது. இடது காது கேட்கவில்லை என்கிறான். தானாகச் சரியாகிவிடும் என்று அங்கே சொன்னார்களாம். இருபது வருஷமாகச் செவிலியாக இருக்கிறேன், எது சரியாகும் எது ஆகாது என்று எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை.

ஓட்டெடுப்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லையாம். தோற்றது என்று மட்டும் தெரியும். அவனைச் சுற்றி மற்றப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள், குரல் கேட்டது. மாமா செனட்டர் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறான்.

“அம்மா, மாமா நமக்குத்தானே ஓட்டுப் போட்டார்?” என்று கேட்டான்.

போட்டார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். உனக்காக அந்தப் பொய்யைச் சொல்ல என்னால் முடியவில்லை.

“போடலடா.”

“என்னம்மா? இந்தக் காதுல கேக்கல, இரு, மாத்தி வச்சுக்கிறேன்.”

இரண்டாவது தடவையும் அதைச் சொல்ல வைத்தாய் என்னை. ஏன், எதற்கு என்று முழுவதையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு, “வார்டு நிக்குதுல்லம்மா, உன் வேலையும் நிக்குதுல்ல, விடு” என்றான். அந்தப் பையன்களிடம் என்ன சொல்லியிருப்பான் என்று தெரியவில்லை.

அவன் உன்னை மன்னித்துவிட்டான் என்று வைத்துக்கொள். அது அவன் குணம், அவன் உரிமை. நான் மன்னிக்கவில்லை. வார்டு எனக்காகக் காப்பாற்றினாய் என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்டாயா? கேட்டிருந்தால் மூடச் சொல்லியிருப்பேன். தொண்ணூறு மைலென்ன, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு பிள்ளையையும் வழியில் பிறக்க வைத்திருப்பேன். இப்போது ஒவ்வொரு பிரசவத்துக்கும் கை கழுவும்போது நெல்ஸின் காதுதான் நினைவுக்கு வருகிறது. தாய்மார்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதனால் வேலையை விடப் போவதில்லை.

ப்ரூவெட்டை உனக்குப் பதினைந்து மாதமாகத் தெரியும். அவரிடம் கெட்ட பெயர் எடுக்கப் பயந்தாய். எங்களிடம் பயமில்லை. அக்காதானே, திட்டுவாள், பிறகு சோறு போடுவாள் என்று இருந்துவிட்டாய். இலையுதிர் காலத்தில் உரக்கச் சொல்கிறேன் என்கிறாய். ஒரே ஓட்டில் ஜெயித்திருக்கவேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டாய். இனி நீ எவ்வளவு உரக்கக் கத்தினாலும் எங்கள் வீட்டில் யாருக்கும் வேண்டாம்.

ஜூலை நாலுக்கு வா, ஊர்வலத்தில் போ, கை அசை. வார்டைத் திற. மேலாளர் என்னை உன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அன்று எனக்குப் பணி நேரம் என்று சொல்லிவிட்டேன்.

தங்குவதற்கு நெடுஞ்சாலை மோட்டலில் அறை எடுத்துக்கொள். நெல்ஸ் அறையில் அவன்தான் அடுத்துப் படுப்பான்.

ஆர்டிஸ் நைகார்ட்