திங்கட்கிழமைத் தேர்வு

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை ஆசிரியர் அறையில் ஒரே மைதாப் பசை வாடை. புதிய கால அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்புக்குத் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் கணக்குத் தேர்வு. என்னை அறியாமல் உங்கள் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இறந்து ஒரு வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஜெனிட்டாவின் ஞாபகம்தான் முதலில் வந்தது. ஒவ்வொரு கணக்குத் தேர்விலும் தோற்றாள். படிப்பு வராத பிள்ளைகளின் பிரிவுக்கு அவளைத் தள்ளிவிட நாங்கள் முடிவுகட்டியிருந்தோம். அங்கே போன பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பை விட்டுவிடுவார்கள். "ஒரு மாசம் குடுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று நீங்கள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றீர்கள்.

மீனவப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று முதலில் கணக்குகளில் மாம்பழத்தை எடுத்துவிட்டு மீனைப் போட்டீர்கள். மதிப்பெண் அசையவில்லை. "மீனைக் காட்டுனா கணக்கு வந்துருமா, கடலே இல்லாத நாசரேத்து டீச்சர்?" என்று நான் கேலி செய்தேன். "நான் நெனச்சது தப்புன்னு தெரிஞ்சிட்டுல்லா, அதுவும் நல்லதுதான். ஆமா, அந்தப் பிள்ளைட்ட யாராவது கேட்டியளா?" என்றீர்கள். யாரும் கேட்டிருக்கவில்லை.

ஜெனிட்டா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவ மாட்டாவ, டீச்சர். திங்கக்கிழமை விடியுமுன்னே வள்ளம் எறங்கும். அப்பாவுக்குச் சோறு கட்ட அம்மையோட நானும் எந்திரிச்சிருவேன். பள்ளிக்கூடத்துல தூக்கந் தூக்கமா வரும்."

எங்கள் தேர்வுகள் எல்லாம் திங்கட்கிழமை காலையில்தான். கரையிலேயே பிறந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்போதும் நீங்கள் அவசரப்படவில்லை. "வேற ஒண்ணையும் மாத்தப்படாது. அவ வகுப்புல ரெண்டு பிரிவு இருக்குல்லா, அவ பிரிவுக்கு மட்டும் தேர்வைப் புதனுக்கு வைப்போம். இன்னொண்ணு இருந்தபடி இருக்கட்டும்." மாத முடிவில் புதன்கிழமைப் பிரிவு நன்றாகவே முன்னேறியிருந்தது. பிறகு இரண்டு பிரிவுக்குமே தேர்வு புதனுக்கு மாறியது. ஜெனிட்டா எங்கும் தள்ளப்படாமல் தன் இடத்திலேயே உட்கார்ந்து படித்தாள். எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

தேர்வு மறுபடி திங்கட்கிழமைக்கே வந்துவிட்டதே என்றுதான் இன்று தலைமையாசிரியையிடம் சண்டை போடக் கிளம்பினேன். பாதிப் படியில் உங்கள் குரல் கேட்டது: "கேட்டியளா?" திரும்பி வகுப்புக்குப் போனேன்.

திங்கட்கிழமை கஷ்டம் என்று சிலர்தான் கை தூக்கினார்கள். பலருடைய அப்பா இப்போது கப்பலில் வேலை பார்க்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஸ்டெபி, "எனக்கு எல்லாக் கெழமையும் கஷ்டந்தான், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து தலைமையாசிரியையிடம் போனபோது, ஸ்டெபியைப் படிப்பு வராத பிள்ளைகளின் பிரிவுக்கு மாற்றும் தாள் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இப்போது வேண்டாம் என்றேன்.

"அந்தப் பிள்ளைக்குப் படிப்பு வருமா? உங்களுக்கு உறுதியா தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம். ஒரு மாசம் குடுங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவர் பேனாவை மூடிவைத்தார், டீச்சர்.