அச்சடித்துவிட்ட ஸ்தோத்திரம்

கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடி இன்று உன் பீரோவைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில் ஒரு கட்டு அழைப்பிதழ்கள் இருந்தன. ரப்பர் பேண்டு இற்றுப்போயிருந்தது, தொட்டதும் அறுந்தது. 'பூரண சுகம் பெற்றமைக்காக ஸ்தோத்திரக் கூட்டம்' என்று பெரிய எழுத்தில். கீழே உன் பெயர். அதற்கும் கீழே, 'மதிய விருந்து உண்டு.' அந்த அட்டையில் பொய்யாகாமல் தப்பியது கடைசி வரி மட்டும்தான் என்று ஒருநாள் நினைத்திருக்கிறேன்.

'பூரண' என்ற சொல் என்னுடையது. முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் நடத்தி, மாணவர்களின் மிகைச்சொற்களைச் சிவப்பு மையால் அடித்தவன், என் வீட்டு அட்டையில் ஒன்றை விட்டுவிட்டேன். உன் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: ஸ்கேன் நன்றாக இருக்கிறது, இன்னொரு சோதனை முடிவு வர வேண்டும். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் அச்சகத்துக்குப் போனேன்.

"அந்த ரிசல்ட்டும் வந்துரட்டுமுங்களே," என்றாய்.

"அவிசுவாசமாப் பேசாதே," என்றேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கண்ணயர்கிற நான், உனக்கு!

உன்னைப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு வசனமும் கொண்டுவந்தார்கள். ஆப்பிளாவது பழுத்திருந்தது. "விசுவாசம் இருந்தா மருந்து எதுக்குங்கம்மா?" என்று ஒரு மணி நேரம் பேசிய சகோதரர், முடித்த கையோடு தன் சர்க்கரை மாத்திரையை விழுங்க வெந்நீர் கேட்டார். நீ சிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தாய். அவர் படியிறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாய்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் நம் வீட்டுச் சந்தில் சாமியானா கட்டியாகிவிட்டது. நீ சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்த்ததுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டாய்.

"என்னங்க சொன்னாங்க?"

"கல்லீரலுக்கும் போயிருச்சாம்."

என் சட்டையில் முகத்தை வைத்து அழுதாய். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பச்சடிக்குத் தயிர் சொல்லிப்போட்டீங்களா?" என்று கேட்டாய்.

"கூட்டத்தை நிறுத்திரலாம் அம்மணி. எல்லார்த்துக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன்."

"எதுக்குங்க நிறுத்தோணும்?"

"ஸ்தோத்திரம் சொல்ல இனி என்ன இருக்குது?"

"நோவு போனாத்தான் ஸ்தோத்திரம்னா அது யாவாரமுங்க. நானு யாவாரமா பண்றேன்?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்காக நடிக்க வேண்டாம் என்று கத்தினேன். நீ திரும்பி நின்று, "இப்ப அழுதேனே, அது நடிப்புங்களா? அதும் நெசம், இதும் நெசம்," என்றாய். நான் நம்பவில்லை. இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் செய்த களைப்பில், என்னைத் தேற்றுவதும் வீட்டு வேலைகளில் ஒன்று என்று நினைத்துச் செய்கிறாய் என்றே எண்ணினேன்.

மறுநாள் போதகரிடம் மட்டும் முன்பே சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும் வசனம் எதுவும் எடுத்துவிடாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான். கூட்டத்தில் சாட்சி சொல்ல நீ எழுந்தாய். அட்டையைப் படித்துவிட்டு வந்த அறுபது பேரும் 'பூரண'த்துக்காகக் காத்திருந்தார்கள்.

"ஊசி போட நரம்பு கெடைக்காம, என்னோட சேந்து அழுத நர்சுப் புள்ளைக்காக ஸ்தோத்திரமுங்க. சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாத எங்கூட்டுக்காரரு ரசம் வெக்கப் பழகினதுக்கு ஸ்தோத்திரமுங்க. நேத்து போன் வந்துச்சுங்க. நோவு போகலையாமா. கல்லீரலுக்கும் போயிருச்சாமா. ஆண்டவர் என்னை உட்டுப்போட்டுப் போகலீங்க. அதனால கூட்டத்தை நானும் நிறுத்தலீங்க. எல்லாரும் சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்."

அறுபது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து, அன்னூரிலிருந்து வந்திருந்த உன் பெரியம்மா, காது சரியாகக் கேட்காதவர், பேச்சு முடிந்ததைக் கண்ணால் தெரிந்துகொண்டு கையைத் தூக்கி முழங்கினார்: "அல்லேலூயா! நல்லாச் சொன்னே கண்ணு!"

யார் முகத்தைப் பார்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தது நீ. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தாய். பிறகு சாமியானாவே அழுதுகொண்டு சிரித்தது. பக்கத்து ஆளைப் பார்த்து எழுதிய விடைத்தாள்களை முப்பது வருடம் கண்டுபிடித்தவன் நான். அன்று உன் முகத்தை அப்படித்தான் வரிவரியாகப் பார்த்தேன். நடிப்பு எதுவும் சிக்கவில்லை. பிரியாணி பரிமாறப் போய், கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நமக்கு நான்கு மாதம் கிடைத்தது. எல்லா நாளும் நீ சிரிக்கவில்லை. வலி ஏறிய நாட்களில் என்னைத் திட்டினாய். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னிக்கு என்னால ஆகாதுங்க, நீங்களே ஜெபம் பண்ணுங்க," என்றாய். நான் வருகைப்பதிவு வாசிப்பதுபோல ஜெபித்தேன். நான் தடுமாறி நின்ற இடத்திலெல்லாம் 'ஆமென்' சொல்லி என்னைக் காப்பாற்றினாய். கடைசி வாரம் அந்த 'ஆமென்' உதட்டில் மட்டும் இருந்தது. பிறகு அங்கும் இல்லை.

இப்போது வருகிறவர்கள், "அவங்க சந்தோசமான எடத்துல இருக்காங்க சார்," என்கிறார்கள். இருப்பாய். இங்கேயும் அப்படித்தானே இருந்தாய். என் புகார் வேறு. ரசத்தை இன்னமும் இரண்டு பேருக்கு வைக்கிறேன். இரவுக்கும் அதையே சாப்பிடுகிறேன். சமையலறையில் நின்று ஆண்டவரிடம் 'அவளை ஏன் எடுத்துக்கொண்டீர்?' என்று கேட்கிறேன்.

நம் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால், நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் எழலாம் என்பார்களே, நான் ஒருமுறைகூட எழுந்ததில்லை. நம் மகன் வேலைக்குப் போனபோதும் நீதான் எழுந்தாய். போன ஞாயிறு எழுந்தேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. போதகர் மைக்கை நீட்டினார், நான் வாங்கவில்லை.

"என் மனைவிக்காக ஸ்தோத்திரம்," என்றேன்.

மேலே ஏதாவது வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். உன்னை நினைத்தால் நெஞ்சில் எப்போதும் இருக்கிற வலி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. ஆராதனை முடிந்தும் அது போகவில்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது. அதைச் சந்தோசம் என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை. நீயானால் தயங்காமல் சொல்லியிருப்பாய்.