மூன்று விரல் உப்பு

சேசு மரி சூசை துணை

தேனி,
16.10.1983, ஞாயிறு

வண்டன்மேடு ஏலத்தோட்டத்தில் இருக்கும் வியாகுலமேரி அப்பாவுக்கு, செபஸ்தியம்மாள் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் ஜெபமாலையில் பத்து மணி தனியாகச் சொல்லிவருகிறேன்.

நம் மேரி காமயகவுண்டன்பட்டியில் உங்கள் தங்கச்சி வீட்டில் நன்றாக இருக்கிறாள். கணக்கில் நாற்பத்தெட்டு வாங்கினாளாம். குடையைத் தொலைத்துவிட்டாள். அதை அவள் எழுதவில்லை, உங்கள் தங்கச்சி எழுதியிருக்கிறாள்.

பால்வாடி டீச்சர் பயிற்சி முடிய இன்னும் பதினைந்து நாள். உடம்பு அசந்துபோய்விட்டது. தரையில் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த முப்பத்தைந்து வயதில் கையைத் தும்பிக்கையாக வைத்துக்கொண்டு பாட்டுப் பாடி யானையாக நடக்கிறேன். கூட இருப்பதெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். தேவாரத்துப் பூமாரி, "செபஸ்தியக்கா, ஒங்க யானை முக்காடு போட்டுப் பூசைக்குல்ல போகுது" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறாள். நோட்டு எழுதுவதில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஒரு பிள்ளையைக் கவனித்து, அது என்ன தின்றது, எப்போது அழுதது என்று நாள்தவறாமல் எழுத வேண்டும். வீட்டிலேயே படித்து எட்டாவது எழுதியவள் நோட்டு மாதிரியா இருக்கிறது என்று கிருபாவதி டீச்சர் மெச்சினார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை, பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் என்ன செய்வது என்று பாடம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு கரண்டி சீனி. கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. போகப்போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகாதா டீச்சர் என்று கேட்டேன். "போறதால புள்ள சாகுறதில்லம்மா. ஒடம்புல தண்ணி வத்தித்தான் சாகுது" என்றார்கள். நான் எழுந்துபோய்க் குழாயடியில் நின்றுகொண்டேன். வயிற்றுவலி என்று பொய் சொன்னேன்.

நம் சவரிமுத்துவை நினைத்துக்கொண்டேன். அந்தப் பங்குனி வெயிலில் அவன் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "கேக்குறான்டி, ஒரு மடக்குக் குடு" என்று நீங்கள் இரண்டு தடவை சொன்னீர்கள். நான்தான் சொம்பை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். பிள்ளைக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்று நானும் குடிக்காமல் ஜெபம் சொன்னேன். அந்த வருஷத்து நோட்டு அரிசிப்பெட்டியில் இருக்கிறது. முதல் நாள் பதினொரு தடவை. மறுநாள் ஏழு. மூன்றாம் நாள் இரண்டு. பக்கத்தில், 'குறைகிறது, ஆண்டவருக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறேன். அன்று சாயங்காலம் போய்விட்டான்.

நீங்கள் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருஷமாகவும் சொல்லவில்லை. மலைக்குப் போனீர்கள், பண்டிகைக்கு வருகிறீர்கள். வந்தால் தண்ணீரைக்கூட நீங்களே மொண்டு குடிக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை எங்களை மார்க்கையன்கோட்டைக்குக் கூட்டிப்போய், பொம்பளைகள் முன்னால் ஆளுக்கொரு பாடம் செய்துகாட்டச் சொன்னார்கள். அதற்கு மார்க்கு உண்டு. எனக்கு வந்தது இந்த உப்புத் தண்ணீர்தான். கலக்கிக் காட்டியதும் ராமுத்தாய் என்ற பொம்பளை, "ஏத்தா, ஓட்டப் பானையில ஊத்தச் சொல்றியா? குடுத்தா இன்னும்ல பிச்சுக்கிட்டுப் போகும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அன்றைக்கு உங்களிடம் சொன்னதும் அதே வார்த்தைதான்.

"நானும் இதத்தான் சொன்னேன்த்தா. சொல்லித்தான் எம்மகனப் பறிகொடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ராமுத்தாய் இடுப்பில் ஒரு பிள்ளை வாடிக் கிடந்தது. அவள் டம்ளருக்குக் கை நீட்டினாள். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுதும் குடித்தது. அடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டை டீச்சர் நாக்கில் விட்டுப் பார்த்து, "உப்பு சரியா இருக்கு" என்றார்கள்.

உங்களிடம் சொல்வதற்கு முன்னால் ஊரார் முன்னால் சொல்லிவிட்டேன். அதற்கு மன்னிக்க வேண்டும். மற்றதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு எழுத்து வரவில்லை.

நம் ஊர் பால்வாடிக்கே என்னைப் போடுவார்களாம். அப்படியானால் நம் தெருவிலேயே வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்ல வேண்டும். கேட்டால் சவரியைத்தான் சொல்ல வேண்டும். சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவன் உங்களுக்கும் பிள்ளை. வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் வேலையை விட்டுவிடுகிறேன், வருத்தப்பட மாட்டேன்.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். ஏலக்காய் எடுப்பு நேரம், கங்காணி விடுவாரோ என்னவோ. ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். இந்தத் தடவை மெழுகுவத்தியை இரண்டு பேருமாக ஏற்றலாம். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் பானைப் பக்கம் போக வேண்டாம். நான் மொண்டு தருகிறேன், என் கையால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சவரிமுத்து அம்மா
செபஸ்தியம்மாள்