யாரும் ஏறாத நாற்பது படி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

ஜெர்மனியிலிருந்து ஸ்வாதி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

போனில் சொல்லி முடிக்கிற சேதியில்லை இது, அதனால்தான் கடிதம். நகரத் திட்டமிடல் மேற்படிப்பில், எட்டு நாட்டு மாணவர்களில், என் திட்டம்தான் முதலிடம்! ஓசூரில் உங்கள் கம்பெனி கேட் எதிரே சாலையைக் கடக்க சிக்னல் வேண்டும் என்று வரைந்திருந்தேன். "அங்கேதான் நடைமேம்பாலம் இருக்கிறதே?" என்று பேராசிரியர் கேட்டார். பதிலுக்கு நீங்கள் அனுப்பிய வீடியோவைப் போட்டேன். ஷிப்ட் விட்டு வந்த பெண்களில் ஒருத்திகூடப் பாலத்தில் ஏறவில்லை. பின்னால் உங்கள் குரல்: "எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றாங்க, நாப்பது படி எவ ஏறுவா, சொல்லு!" சொல்லிக்கொண்டே நீங்களும் பாலத்துக்கு அடியிலேயே குறுக்கே ஓடினீர்கள். மொழிபெயர்த்துச் சொன்னேன். முதலில் கைதட்டியது பேராசிரியர்தான்.

இனி அப்படி ஓடாதீர்கள்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அரைக் கிலோ அனுப்புங்கள். டிராம் வருகிறது, ஒன்றே ஒன்று: இன்னொரு வீடியோ வேண்டும். பாடத்துக்கு இல்லை. எந்த ரோடானாலும் சரி, பின்னால் நீங்கள் பேசிக்கொண்டே வந்தால் போதும்.

உங்கள்
ஸ்வாதி