மூன்றாவது பீப்

அக்கா,

கிளினிக்கில் நெற்றிப்பொட்டில் தடவிய ஜெல் இன்னும் போகவில்லை. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டும் ஆயிற்று. காதோர முடி விறைத்துக்கொண்டே நிற்கிறது. வியாழக்கிழமைகளில் உன் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பி வரும்போது அடித்த அதே வாசனை, இன்றைக்கு என்னிடமிருந்தே வருகிறது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.

ஆமாம், எனக்கும் வந்துவிட்டது. அம்மா வழியில் வந்து உன்னைப் பிடித்த அதே விழித்திரை நோய். முதலில் இருட்டில் தடுமாறினேன். இப்போது பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் தெரிவதில்லை. காரைத் தொடுவதை விட்டுவிட்டேன். உன்னைக் கூட்டிப்போன அதே பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில், நீ உட்கார்ந்த அதே சாய்வு நாற்காலியில், இன்று முதல்முறையாக உட்கார்ந்தேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், பார்வையில்லாதவர்களுக்காகப் பதித்த மஞ்சள் கல் நடைபாதையில் கூடவே வரும். நீ வேண்டுமென்றே ஒதுங்கிக் கால் வைப்பாய். "அதெல்லாம் அவங்களுக்குடா. நான் ட்ரீட்மென்ட்டுக்குப் போறேன்" என்பாய். சொன்ன கையோடு கடைக்காரர் போட்டிருக்கும் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொள்வாய். லோரி கம்பெனியில் டிரைவர்களையெல்லாம் ஒரே போனில் அதட்டிய ஆபீஸ் கிராணி நீ. அந்தப் பெஞ்சையும் திட்டாமல் விடமாட்டாய்.

டாக்டர் உன்னிடம் மறைக்கவில்லை. போன பார்வை திரும்பாது. இருப்பது போவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அதுவும் உறுதியில்லை என்றார். கண்மணியைத் தொட்டபடி முடியைவிட மெல்லிய ஒரு நூல், அதன் வழியாகக் கொஞ்சம் கரண்டு. எவ்வளவு கரண்டு என்பது மட்டும் கருவிக்குத் தெரியாது. அங்கே வேலை செய்யும் பெண் படிப்படியாக ஏற்றுவாள். படிக்கு ஒரு பீப் சத்தம். "தெரியுதா ஆன்டி?" என்று கேட்பாள். எந்தப் படியில் கண்ணுக்குள் வெளிச்சம் மினுக்குகிறது என்று நாம் சொல்கிறோமோ, அதை வைத்துத்தான் அரை மணி நேரத்துக்கும் அளவு. எல்லாம் நம் வாயில் இருக்கிறது.

நீ எப்போதும் மூன்றாவது பீப்பில் "ஆங், தெரியுது லா" என்பாய். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கும் நான் அப்போதுதான் மூச்சு விடுவேன். ஒருநாள் தோசை சாப்பிடும்போது, அது எப்படியிருக்கும் என்று கேட்டேன். "கம்பி மத்தாப்புடா. வாராவாரம் எனக்கு தீபாவளிதான் போ!" எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பந்திங்கில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டு, "அக்காவுக்கு கரண்டு சட்டுனு பிடிக்குது சித்தி" என்றேன். நீ தலையைக் குனிந்து தோசையைப் பிட்டுக்கொண்டிருந்தாய்.

உன் பார்வை குறைந்துகொண்டேதான் போனது. நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுகூடச் சிரித்தாய். "கரண்டு குடுத்தும் லைட்டு எரியாத வீடுடா இது."

இன்று என் முறை. முதல் பீப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. எதிரே நான் அன்று உட்கார்ந்த அந்த நாற்காலியில் என் மனைவி சாந்தி, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது பீப் வந்தது. "தெரியுது" என்றேன்.

எதுவும் தெரியவில்லை அக்கா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாந்தியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அந்த நாற்காலியில் என் முகமும் உனக்கு இப்படித்தானே தெரிந்திருக்கும்?

அந்தப் பெண் எழுதப் பேனாவை எடுத்துவிட்டாள். "இரும்மா, பொய் சொல்லிட்டேன். முதல்லேர்ந்து வை" என்றேன்.

"பரவால்ல அங்கிள். வீட்டு ஆளுங்க முன்னுக்கு இருந்தா நெறைய பேரு இப்படித்தான்" என்றாள், சாதாரணமாக.

எட்டாவதில்தான் வந்தது. ஓரமாக, டியூப் லைட் எரிவதற்கு முன்னால் துடிக்குமே, அப்படிச் சாம்பல் நிறத்தில் ஒரு துடிப்பு. மத்தாப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

ஆளுக்கு ஆள் வேறு மாதிரி தெரியுமாம். அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அப்படியானால் நீ மெய்யாகவே பார்த்திருக்கலாம். வாரம் தவறாமல், சரியாக மூன்றாவது பீப்பில். நம்பட்டுமா? சரியான அளவில் கொடுத்திருந்தால் மட்டும் உன் பார்வை தங்கியிருக்குமா? அதுவும் யாருக்கும் தெரியாது. ஏன் பொய் சொன்னாய் என்று உன்னைக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத, கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றுகிறது.

திரும்பும்போது மஞ்சள் கல்லின் மேலேயே நடந்தேன். சாந்தி கூட வந்தாள். ஸ்டேஷன் படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் நான் வெளிய உக்காந்துக்கறேங்க" என்றாள். அவ்வளவு பேருக்கு நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிளினிக்குக்குக் கீழே ஒரு ஒட்டுக்கடை இருக்கிறது, அக்கா. தே தண்ணீர் நன்றாகப் போடுவார்கள். நாம் போய்வந்த அந்த ஒரு வருஷமும் அது அங்கேதான் இருந்தது. நான் அங்கே போய் உட்கார்ந்திருக்கலாம்.