கட்டில் சின்னம்

செஞ்சி
பிப்ரவரி 6, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நலமா என்று கேட்கத் தேவையில்லை; நீ மாடியில் தும்முவது கீழே எனக்குக் கேட்கிறது. காபிக்குப் பதில் கஷாயம் வைத்திருக்கிறேன், குடி. இந்தக் கடிதம் அந்த டம்ளருக்கு அடியில்தான் இருக்கும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதென்ன கூத்து என்று நினைப்பாய். நேற்று கட்சி ஆபீசில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நம்ம வார்டுல ஆதிமூலத்த எதுத்து உன் பொண்ணே சுயேச்சையா நிக்குது. நீ இன்னா பண்ணப் போற?" என்றார்கள். ஆதிமூலம் ஒன்றும் கேட்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அதுதான் என்னைச் சுட்டது. தட்டில் எரிந்த கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். தேர்தல் முடிகிற வரை உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன், என் ஓட்டும் அவனுக்குத்தான் என்று.

உன் அம்மா ஜானகி கடைசியாகப் படுத்திருந்தபோது வாரா வாரம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனது அவன் வண்டி. அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. தினம் காலையில் காபி குடித்துக்கொண்டே உன்னிடம் கனவைச் சொல்லிப் பழகியவன் நான். சொல்லாவிட்டால் நாளெல்லாம் கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுப்பேன். ஆகவே எழுதிவிடுகிறேன்: நம் அல்லிக்குளம் தளும்ப நிறைந்திருந்தது. ராஜகிரிக் கோட்டை அதில் தலைகீழாகக் கிடந்தது. பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு நான் அந்தத் தண்ணீர் மேலேயே மலையேறிப் போகிறேன். கால் நனையவில்லை. உச்சியில் உன் அம்மா நின்றுகொண்டு, "வர்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்றாள்.

உன் நைனா,
இராமச்சந்திரன்


பிப்ரவரி 8, செவ்வாய்

அன்புள்ள நைனாவுக்கு,

கஷாயம் குடித்தேன். என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் மிளகாகப் போட்டிருக்கிறீர்கள்.

கற்பூரம் அடித்த கை சுட்டுவிட்டதா? அதைக் கேட்கத்தான் நேற்று படிக்கட்டில் நின்றேன். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நான் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவரை எதிர்த்து நிற்கிறேனே என்று எனக்கும் வருத்தம்தான். வறண்டுபோய்ப் பாதிக்குக் குப்பை கிடக்கும் அல்லிக்குளத்தை அவர் முழுக்கக் குப்பை கொட்டி மேடாக்கி, மேலே கடைகள் கட்டலாம் என்கிறார். குப்பையை அள்ளிவிட்டுக் குளம் குளமாகவே இருக்கட்டும் என்கிறேன் நான். தாலுக்கா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து இதற்காக எவ்வளவு மனு எழுதியிருப்பேன்! மனு வாங்குகிற நாற்காலியில் நானே உட்கார்ந்தால் என்ன என்று ஒருநாள் சலித்துக்கொண்டபோது, "நின்னுதான் பாரேன்" என்று சிரித்தது யார்? நீங்கள்தான்.

சின்னம் கொடுத்துவிட்டார்கள். கட்டில். பக்கத்து வீட்டு ரஹமத் அக்கா கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு அவரே, "நோட்டீஸ்ல படம் போட்டா யாரு பாப்பாங்க? கட்டிலயே தூக்கினு போவலாம் வா" என்றார். நம் வீட்டில் இருப்பது ஒரே கயிற்றுக் கட்டில். அது உங்களுடையது. தருவீர்களா?

கனவில் அம்மா என்ன புடவை கட்டியிருந்தாள் என்று எழுதவில்லையே.

உங்கள் பாப்பா,
பிரவீணா


பிப்ரவரி 9, புதன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கத்தரிப்பூ நிறம். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்து, நிறம் பிடிக்கவில்லை என்று அவள் மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தாளே, அதே புடவை. கனவில் பிடித்துப்போய்த்தான் கட்டியிருக்கிறாள் போல.

கட்டிலை எடுத்துக்கொள். வாசற்பக்கமாகத் தூக்காதே, பின்கட்டு வழியாகக் கொண்டுபோ. ஒரு கால் கொஞ்சம் ஆடும்; கனமான ஆளை அந்தப் பக்கம் உட்காரவைத்துவிடாதே, உன் சின்னம் நடுத்தெருவில் முறிந்தால் எனக்கும் சேர்த்துத்தான் அவமானம்.

கை சுட்டது. வெண்ணெய் தடவிக்கொண்டேன்.

இன்று கண்டது: கட்டில் தானாகவே பஜாரில் நடந்துபோகிறது. நான் அதன் மேல் படுத்திருக்கிறேன். வாசல் தெளிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்கிறார்கள். நானும் கும்பிடுகிறேன். யாருக்கு ஓட்டுக் கேட்கிறேன் என்றுதான் எனக்கு ஞாபகம் வரவில்லை.

நைனா


பிப்ரவரி 14, திங்கள்

அன்புள்ள நைனாவுக்கு,

சனிக்கிழமை நம் வாசலுக்கே நீங்கள் ஓட்டுக் கேட்டு வந்ததைச் செஞ்சி இன்னும் கொஞ்ச நாள் பேசும். கட்சித் துண்டோடு உங்கள் வீட்டு வாசலில் நீங்களே கைகூப்பி நிற்கிறீர்கள். வாயைத் திறக்க முடியவில்லை. ஆதிமூலம் சித்தப்பாதான் நெளிந்துகொண்டே, "பாத்துப் போடும்மா" என்றார். எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். நீங்கள் மட்டும் இரண்டாவது டம்ளர் கேட்டு நீட்டினீர்கள். அது பேச்சில் சேராது, பயப்படாதீர்கள்.

உங்கள் கட்டில் நன்றாக உழைக்கிறது. தெருமுனையில் போட்டால் போதும், யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்ததும் குளத்தில் நீச்சல் பழகியது, அல்லி பறித்து அடி வாங்கியது என்று ஆரம்பிக்கிறார்கள். நான் ஓட்டுக் கேட்பதையே மறந்துவிடுகிறேன். நேற்று மதியம் அதைப் பின்கட்டில் பூவரச மர நிழலில் போட்டுவைத்தேன். நீங்கள் அலைந்து களைத்து வந்து அதிலேயே சாய்ந்ததைப் பார்த்தேன். நல்ல தூக்கம்.

"உங்க நைனா வெளிய வந்து ஒரு வார்த்த பேசினா இந்தத் தெருவே நம்ம பக்கம் வந்துடும்" என்கிறார் ரஹமத் அக்கா. நான் கேட்கமாட்டேன். ஆனால் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. காகிதத்தில் உங்கள் கனவு வருகிறது, குரல் வரவில்லை. வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிரவீணா


பிப்ரவரி 18, வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாளை ஓட்டு. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடாதே. உப்புமா செய்து மூடி வைத்திருப்பேன்.

நான் அவனுக்குத்தான் போடப்போகிறேன். உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை. நீ சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போடுவேன்.

இன்றைய கனவு: பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பனி. ஒரு பஸ் மட்டும் நிற்கிறது, கண்டக்டர் "அல்லிக்குளம், அல்லிக்குளம்" என்று கூவுகிறார். ஏறினேன். ஆதிமூலமும் உன் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து சீட்டில். நீ சின்னக் குழந்தையாக ஜன்னல் ஓரம். எனக்கு இடமில்லை. மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டீர்கள். பஸ் தண்ணீருக்குள் இறங்கியது, ஒருவரும் பயப்படவில்லை.

நைனா


பிப்ரவரி 22, செவ்வாய்

அன்புள்ள நைனாவுக்கு,

ஜெயித்துவிட்டேன். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

கட்டிலில் என்னை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மாலை போட வந்த ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் உங்களைத்தான் தேடினேன். தேர்தல் முடிந்தது, சத்தியமும் முடிந்தது. இருட்டிய பிறகும் நீங்கள் வரவில்லை. சித்தப்பா வீட்டில் இருக்கிறீர்கள் என்று ரஹமத் அக்கா சொன்னார். இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்றை இத்தனை நாள் மறைத்து வைத்திருந்தேன். அன்று பூவரச மரத்தடியில் தூங்கினீர்களே, துணி எடுக்க வந்தவள் உங்கள் பக்கத்தில் நின்றேன். கண்ணை மூடியபடியே, "பாப்பா, குளத்துல தண்ணி வந்துடுச்சா?" என்றீர்கள். "வந்துடுச்சி நைனா. படி வரைக்கும் வந்துடுச்சி" என்றேன். "அப்ப சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள்.

சத்தியம் அன்றைக்கே போய்விட்டது, நைனா. "போய்ச் சொல்லு, மனசு மாறி உனக்கே போட்டுடுவாரு" என்றார் அக்கா. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. தூக்கத்தில் நழுவிய வார்த்தையை வைத்து உங்களை மடக்கி ஓட்டு வாங்கினால், அப்புறம் எந்த முகத்தோடு உங்களுக்குக் காபி கொடுப்பேன்? உங்கள் ஓட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் வேண்டும். வீட்டுக்கு வாருங்கள்.

பிரவீணா


பிப்ரவரி 23, புதன் காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் வீட்டில் நேற்று ஊரே இருந்திருக்கும். இங்கே ஆதிமூலத்தின் வாசலில் கிடந்த செருப்பு என்னுடையது ஒன்றுதான். காலையிலிருந்து கூட இருந்தவர்கள் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விட்டார்கள். அவனை அப்படியே விட்டுவிட்டு வர எனக்குக் கால் எழவில்லை. கோபித்துக்கொள், ஆனால் புரிந்துகொள்.

இப்போதுதான் இரண்டு இட்லி தின்றான். கை கழுவிக்கொண்டே, "அவ்ளோ குப்பைய உன் பொண்ணு எப்படி அள்ளும்? என் டிராக்டர் சும்மாதான் நிக்குது. கேட்டாத் தரேன், கேக்காட்டி போவட்டும்" என்றான். நீ கேள். அவன் முகத்தைப் பார்க்காமல் கேள்.

சொன்னபடி அவனுக்குத்தான் போட்டேன். வெளியே வந்து கட்டில் படம் ஒட்டிய சுவரைப் பார்த்த பிறகு, பள்ளிக்கூட வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

இனி நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று மதியம் நான் தூங்கவில்லை, பாப்பா.

நீ வரும் சத்தம் கேட்டுத்தான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் குரலைக் கேட்காமல் அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. நல்ல நினைவோடுதான் கேட்டேன். நீ பதில் சொன்னாய். திரும்பிப் படுத்துக்கொண்டது கண்ணைத் துடைக்கத்தான். கற்பூரம் அடித்துச் சொன்னதில் ஓட்டு விஷயத்தை மட்டும்தான் என்னால் காப்பாற்ற முடிந்தது. மற்றதற்கு என்ன தண்டனை உண்டோ, வரட்டும்.

விடியற்காலையில் ஆதிமூலத்தின் பக்கத்திலேயே கண் அசந்தேன். ஒரு கனவு வந்தது. இதை எழுதமாட்டேன். காபிக்குத் தண்ணீர் வை, வந்து வாயால் சொல்கிறேன்.

நைனா