அஞ்சலை அக்காவின் கைக்கடிகாரம்

17-5-1982, திங்கள்

டெல்லியிலிருந்து வந்த போட்டோகிராபருக்குப் பேச்சு மொழிபெயர்க்க இன்று போனேன். நாகாலாந்து, பஸ்தர் என்று சுற்றி மலைவாழ் மக்களைப் படமெடுத்தவனாம். எங்கே போனாலும் அனுமதி கேட்டுத்தான் கேமராவைத் தூக்குவேன் என்று ஜீப்பில் வழியெல்லாம் பெருமையடித்தான்.

சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் குடியிருப்புக்குப் போனோம். அஞ்சலை அக்கா வாசலில் நின்றார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். அனுமதி கேட்டான். சரி என்றார். உடனே, கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொல் என்றான். அது இருந்தால் கிராமத்துப் பெண்ணாகத் தெரியவில்லையாம்.

அதை அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கண்ணாடி பளபளக்குது, படம் கெட்டுடுமாம்க்கா" என்று புளுகினேன்.

"அப்டியா தம்பி? ஷிப்டுக்கு நேரம் பாக்க நானே சம்பாரிச்சு வாங்குனது. இந்தத் தெருவுல வேற எவகிட்ட இருக்கு?" என்று சிரித்தபடி கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாலைந்து படம் எடுத்தான். அக்கா மறுபடி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, கையை மார்புக்கு நேரே வைத்து நின்றார். "வாச்சோட ஒண்ணே ஒண்ணு எடுக்கச் சொல்லு தம்பி. நான் இதுவரைக்கும் போட்டோவே எடுத்துக்கினதில்ல."

பிலிம் தீர்ந்துவிட்டது என்று சொல் என்றான். சொன்னேன்.

"போவுது வுடு. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். வெட்கமில்லாமல் குடித்தோம்.

திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி, மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பதினோரு படம் எடுத்தான். அதே பிலிம்தான், மாற்றக்கூட இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். அவனுடைய லென்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன்.